வன்னி யானையிடம் என்ன படிக்கலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. வயல் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால், "யானை நமக்குக் கற்றுத்தரும் பாடங்கள்" என்ற தலைப்போடு இரண்டு மூன்று பிள்ளைகளாவது என் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள். விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் மருமக்களும் இதையேதான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் உட்கார்ந்து எழுதி வைத்தேன்.

எத்தனையோ மிருகம் இருக்க, ஏன் யானை?

சிறுத்தையும் கரடியும் வன்னிக் காட்டில் உண்டு. ஆனால் சிறுத்தையை நான் இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன், இரண்டு தடவையும் வாலை மட்டும். கரடியிடம் படிக்கலாம் என்று நின்றவர்கள் முகத்தில் தழும்போடு திரிகிறார்கள். யானை அப்படியில்லை. குளத்தங்கரையில் மணிக்கணக்காக நிற்கும், தூரத்தில் இருந்தால் பார்க்க விடும்.

இன்னொன்று, எங்களுக்கும் யானைக்கும் பழைய கொடுக்கல் வாங்கல். வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் யாழ்ப்பாணத்து அரசர்களுக்கும், பிறகு போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானையைத்தான் திறையாகக் கட்டினார்கள். இங்கே பிடிபட்டவை கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குப் போய், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. ஆனையிறவு என்ற பெயரைச் சொல்லும்போது இதை யாரும் யோசிப்பதில்லை.

சங்கிலியில் வளர்ந்த யானை, பெரிதானபின் சின்னக் கயிற்றைக்கூட அறுக்காது என்ற கதை உண்மையா?

மேடைப் பேச்சாளர்களுக்குச் சோறு போடும் கதை இது. குட்டியில் கட்டிவைத்ததால் "என்னால் முடியாது" என்று நம்பிவிட்டதாம், நீங்களும் அப்படி இருக்காதீர்களாம். பிடித்துக் கட்டி வளர்த்த யானை எப்படியோ இருக்கட்டும். காட்டு யானையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதற்கு நேர்மாறு.

எங்கள் ஊர் ஓரமாக மின்வேலி போட்டார்கள். அதில் ஓடுவது விட்டு விட்டு வரும் மின்துடிப்பு. தொட்டால் சுள்ளென்று அடிக்கும், கொல்லாது. முதல் மாதம் யானைகள் வேலிக்கு அந்தப்பக்கமே நின்றன. நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். அப்புறம் ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால் ஒரு தூண் சாய்ந்து கிடந்தது. கம்பி அடிக்கும், மரத்தூண் அடிக்காது என்று ஒன்று கண்டுபிடித்துவிட்டது. தூணை நட்டோம். அடுத்த கிழமை ஒரு காய்ந்த வீரை மரத்தைக் கம்பிமேல் தள்ளிவிட்டு அதன்மேல் நடந்து வந்திருந்தது. கொம்பன் என்றால் இன்னும் வசதி, தந்தத்தில் மின்சாரம் ஏறாது, கம்பியைத் தந்தத்தால் நெம்பிவிடும். ஆனால் கொம்பன் இங்கே அபூர்வம். இலங்கை ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் தந்தம்.

இதில் பாடம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று அடித்த வேலி இன்றும் அடிக்குமா என்று அது தினமும் போய்ப் பார்க்கிறது. பற்றரி இறங்கிய ஒரு இரவு போதும். நாங்கள்தான் ஒருமுறை போட்ட வேலியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புல் வளர்ந்து கம்பியில் தொட்டு மின்சாரம் நிலத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும், வெட்ட ஆள் வராது, கூட்டத்தில் மட்டும் எல்லோரும் பேசுவோம்.

பொறுமையைக் கற்றுத்தரும் என்கிறார்களே, எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

மற்றவர்கள் எதைப் பார்த்தார்களோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆவணி, புரட்டாதியில் குளத்து நீர் வற்றி இறங்கும். நீர் விட்டுப்போன சேற்றில் இளம்புல் முளைக்கும். மாலை நான்கு மணிக்குமேல் யானைகள் அங்கே இறங்கும். குளக்கட்டில், மருதமரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் யானையை நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். புல் மிகவும் குட்டை, தும்பிக்கையால் பிடித்து இழுக்க வராது. முன்னங்கால் நகத்தால் மெல்ல உதைத்து உதைத்து வேரோடு பெயர்த்தது. ஒரு பிடி சேர்ந்ததும் தும்பிக்கையில் சுருட்டி எடுத்தது. உடனே வாயில் போடவில்லை. முழங்காலில் 'பட், பட்' என்று அடித்தது. மண் உதிர்ந்தது. புரட்டிப் பிடித்து மறுபக்கமும் அடித்தது. அதன்பிறகுதான் வாய்க்குப் போனது. ஒரு பிடிக்கு அரை நிமிடம் இருக்கும். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டிய உடம்பு அது! பசி எப்படி இருந்திருக்கும்? ஆனால் ஒரு பிடியையும் மண்ணோடு தின்னவில்லை.

ஏன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். யானைக்கு ஆயுளில் ஆறு தடவைதான் கடைவாய்ப் பல் முளைக்கும். ஒன்று தேய்ந்ததும் பின்னாலிருந்து அடுத்தது தள்ளிக்கொண்டு வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் அவ்வளவுதான், மெல்ல முடியாமல் மெலிந்தே சாகும். மண் பல்லைத் தின்னும். அந்த அரை நிமிடத்தில் அது உதறியது தன் ஆயுளைக் குறைக்கும் மண்ணை. இதைப் பொறுமை என்பதா, கணக்கு என்பதா? எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றாமல் ஓடும் என் தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனான்.

கூட்டத்துக்கு வயதான பாட்டிதான் தலைவி, எல்லோரும் அவள் சொல்படி நடக்கும் என்பது சரியா?

ஆபிரிக்க யானையைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் 1993இல் கடும் வறட்சி வந்தது. சில கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறித் தண்ணீரைத் தேடிப்போயின, அவற்றின் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. அந்தக் கூட்டங்களின் தலைவிகள் வயதானவை. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய வறட்சியைக் குட்டியாக இருந்து கண்டவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

எங்கள் யானை கொஞ்சம் வேறு. இலங்கையின் தெற்கே உடவளவைப் பூங்காவில் பெண் யானைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வாளர் ஷெர்மின் டி சில்வா குழுவினர் கண்டது இது: இங்கே பெண் யானைகள் எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிவதில்லை. இந்த வாரம் ஒன்றோடு, அடுத்த வாரம் இன்னொன்றோடு. பார்த்தால் உறவு விட்டுப்போனதுபோல இருக்கும். ஆனால் ஆண்டுகள் கடந்தும் அதே தோழிகளிடம் திரும்பி வருகின்றன. கட்டளை போடும் தலைவி என்று அவ்வளவு கண்டிப்பாக ஒருவர் இல்லை.

எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும். எங்கள் அம்மம்மாவின் பிள்ளைகள் ஏழு பேர், இப்போது ஐந்து நாடுகளில். மாதக்கணக்கில் ஒரு அழைப்பும் இருக்காது. செத்தவீடு, கலியாணவீடு என்றால் விட்ட இடத்திலிருந்து பேச்சுத் தொடங்கும். தினமும் "காலை வணக்கம்" படம் அனுப்பினால்தான் உறவு என்று நினைப்பவர்களுக்கு உடவளவை யானைகளைக் காட்டலாம்.

தனியன் யானை கெட்டதா?

தனியன் என்ற சொல்லே எங்கள் ஊரில் வசவு மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் ஆண் யானை பத்துப் பதினைந்து வயதில் தாயின் கூட்டத்தை விட்டுப் பிரியும். அது இயற்கை, யாரும் துரத்திவிடவில்லை. பிறகு தனியாகவும், சில வேளை வேறு ஆண்களோடு சேர்ந்தும் திரியும். வயலுக்கு வருவது பெரும்பாலும் இந்த ஆண்கள்தான். நெல்லில் சத்து அதிகம். பெரிய உடம்பு வேண்டும், மதம் பிடிக்கும் காலத்துக்குப் பலம் வேண்டும். அதற்காக உயிரைப் பணயம் வைக்கின்றன. குட்டியோடு திரியும் தாய்மார் அந்தச் சூதாட்டத்துக்குக் கொஞ்சம் தயங்கும்.

மதம் என்பதும் வருத்தமில்லை, பைத்தியமுமில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் சுரப்பியிலிருந்து கறுப்பாக நீர் வடியும். உடம்பின் ஒரு பருவம். அந்த நேரம் விலகி நில்லுங்கள், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியில் நான் அதிகம் சொல்ல விரும்புவது வேறொன்று. தென்னாபிரிக்காவில் பிலானெஸ்பேர்க் என்ற பூங்கா. வேறிடத்தில் பெரிய யானைகளைச் சுட்டுக் குறைத்தபோது மிஞ்சிய அநாதைக் குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். 1990களில் அவை இளந்தாரிகளானதும் காண்டாமிருகங்களைக் கொல்லத் தொடங்கின, நாற்பதுக்கு மேல். வழக்கத்துக்கு மாறாக இளவயதிலேயே மதம் பிடித்து, நீண்ட நாள் இறங்காமல் இருந்தது. 1998இல் குரூகர் பூங்காவிலிருந்து வயதில் மூத்த ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் இறங்கியது. கொலை நின்றது. பெரிய யானைகள் பாடம் ஒன்றும் நடத்தவில்லை. அங்கே நின்றன, அதுவே போதுமாக இருந்தது.

2009இல் போர் முடிந்தபிறகு எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது எத்தனை வீட்டில் தகப்பன் இல்லை, அப்பு இல்லை, மாமன் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெடியன்கள் இன்று மதவடியில் நின்று குடிக்கிறார்கள், அடிபடுகிறார்கள் என்று ஏசுவது சுலபம். பக்கத்தில் போய் நின்ற பெரியவர்கள் எத்தனை பேர்? நானும் நிற்கவில்லை.

யானை எதையும் மறக்காது, பழிவாங்கும் என்கிறார்களே?

பழி பற்றி ஊருக்கு ஊர் கதை உண்டு. எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் பாதையை மறக்காது, அது நிச்சயம்.

தொல்லை தரும் ஆண் யானைகளை மயக்க ஊசி போட்டு லொறியில் ஏற்றித் தூரத்துப் பூங்காவில் விடுவது இலங்கையில் நெடுநாள் வழக்கம். அப்படி விட்ட யானைகளுக்குக் கழுத்தில் ஜீபிஎஸ் பட்டி கட்டி, பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் சக ஆய்வாளர்களும் 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சில நேரே பிடித்த இடத்துக்கே நடந்து வந்துவிட்டன. சில எங்கும் தரிக்காமல் அலைந்தன. ஒருசில மட்டும் விட்ட இடத்தோடு ஒத்துப்போயின. பிரச்சினை குறையவில்லை, இடம்தான் மாறியது.

இதை வாசித்தபோது எங்கள் பெரியம்மாதான் ஞாபகத்துக்கு வந்தா. போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது, "எங்கையாவது ஒரு துண்டுக் காணி தந்தால் போதாதோ?" என்று யாரோ கேட்டார்கள். "என்ரை கிணறு அங்கை இருக்கு" என்றா. வேறு விளக்கமில்லை. திரும்பி வந்தபோது கிணற்றைப் பற்றை மூடியிருந்தது. முற்றத்தில் யானை இலத்தி. நாங்கள் இல்லாத காலத்தில் காடு வயலுக்குள் வந்துவிட்டது, காட்டோடு யானையும் வந்துவிட்டது. இப்போது இருவரும் "இது என் இடம்" என்கிறோம். யார் பொய் சொல்கிறோம்?

கோபத்தை எப்படிக் கையாள்கிறது?

பெரும்பாலும் முதலில் அறிவிக்கும். காதை விரிக்கும், தலையை உயர்த்தும், காலால் மண்ணை உதைக்கும், பிளிறும். நாலு எட்டு ஓடிவந்து சடாரென்று நிற்கும். "போ" என்பதுதான் அதற்குப் பொருள். அடிபடாமல் பிரச்சினையை முடிக்கும் வழி இது. எங்கள் வீடுகளில் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் வெடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று. ஓடிவரும் யானை நிற்குமா நிற்காதா என்று நின்று பார்த்துப் படிக்காதீர்கள். அறிவிக்காமல் வருவதும் உண்டு.

'யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டதுபோல' என்று ஏன் சொல்கிறோம்?

மனிதர் விட்ட பிழை. வெயிலுக்கும் பூச்சிக்கும் அது பூசிக்கொள்ளும் மருந்து அந்த மண். பழமொழியை உண்டாக்கியவர் ஒரு நாள் பங்குனி வெயிலில் வெறும் மேலோடு வயலில் நின்றிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்.

'யானை உண்ட விளாங்கனி' கதையும் அப்படித்தான். ஓடு முழுசாக வெளியே வரும், உள்ளே ஒன்றும் இருக்காது என்பார்கள். நான் குச்சியால் கிண்டிப் பார்த்த இலத்தியில் உடைந்த ஓடும் முழு விதையும்தான் இருந்தன. அந்த விதைகள் மழைக்கு முளைக்கும். வன்னிக் காட்டில் பாதி மரத்தை நட்டது யார் என்று கேட்டால் நான் யானை இருக்கும் பக்கத்தைக் கைகாட்டுவேன்.

குட்டியிடம் ஏதாவது?

தாய் வயிற்றில் பதினெட்டு முதல் இருபத்திரண்டு மாதம் இருந்து வரும் குட்டிக்கு, பிறந்தபின் தன் தும்பிக்கையை என்ன செய்வதென்றே தெரியாது. அதைத் தானே மிதித்துத் தடுக்கி விழும். குளத்தில் முன்னங்காலை மடித்து வாயை நேரே தண்ணீரில் வைத்துக் குடிக்கும். தும்பிக்கையால் உறிஞ்சி வாயில் விடப் பழக மாதங்கள் ஆகும். பக்கத்தில் நிற்கும் தாய் அவசரப்படுத்துவதில்லை. ஐந்து வயதில் வகுப்பில் முதலாவதாக வரவேண்டும் என்று நிற்கும் பெற்றோரை அந்தக் குளக்கட்டில் கொண்டுபோய் இருத்த வேண்டும்.

இறந்த யானைக்காக அழுமா?

கண்ணீர் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை. இறந்ததன் பக்கத்தில் நிற்பதும், தும்பிக்கையால் தடவுவதும் பலர் பார்த்துப் பதிந்தவை. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. தண்டவாளத்தின் ஓரம் விழுந்து கிடந்த ஒன்றின் தும்பிக்கை நுனியோடு தன் நுனியைப் பின்னிக்கொண்டு இன்னொன்று நின்றதைக் கைப்பேசியில் எல்லோரும் பார்த்தோம். அதற்குமேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

வயலை அழிக்கும் மிருகத்திடம் பாடம் படிக்கச் சொல்கிறீர்களே, உங்களுக்குக் கோபமே இல்லையா?

ஏன் இல்லை? ஒரு மாசி மாதம், காலபோக அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஓர் இரவில் ஒரு ஏக்கர் போனது. காவல் கொட்டிலில் நான்தான் இருந்தேன், கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தது சத்தத்துக்கு அல்ல. யானை சேற்றில் நடந்தாலும் சத்தம் வராது. ஈர நெல்லை உருவி மெல்லும் மணம், அதோடு ஒரு பெருமூச்சு. டோர்ச்சை அடித்தால் இருபது யார் தூரத்தில் ஒரு கால். அந்தக் காலுக்கு மேலே வெளிச்சம் எட்டவில்லை. வெடியைப் பற்றவைக்க மூன்று நெருப்புக்குச்சி போனது. காலையில் பார்த்தால் தின்றது ஒரு பங்கு, மிதித்தது நாலு பங்கு.

நட்டஈட்டுக்கு ஓர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கடதாசி குறைந்தது. கடைசியில் விட்டுவிட்டேன். வீட்டு மின்சாரத்தை இழுத்து வயலைச் சுற்றிக் கம்பி கட்டலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அது யானையையும் கொல்லும், இரவில் மாடு தேடிப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொல்லும். சட்டப்படியும் குற்றம். 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் இந்தச் சண்டையில் நானூறு அளவில் யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் செத்தார்கள். அந்தக் கணக்கில் என் கம்பியும் சேர வேண்டாம் என்று நினைத்தேன். கோபம் போனதா என்று கேட்டால், போகவில்லை.

எங்கள் அப்பு காட்டுக்குள் "யானை" என்று சொல்லமாட்டார், "ஐயா" என்பார். பயமா, பக்தியா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே பாதை, மரியாதையாப் போனால் வீட்டை வந்து சேரலாம்" என்றார்.

யானையிடம் படிக்கக் கூடாதது எது?

வீட்டில் நெல்மூட்டை இருக்கிறதென்று மணம் பிடித்துச் சுவரை உடைப்பது.

வன்னியில் எங்கே, எப்போது பார்க்கலாம்?

குளங்கள் வற்றும் காலத்தில், பொழுது சாயும் நேரம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் காட்டுப்பகுதியில் எதிர்ப்படவும் கூடும். தூரத்தில் நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், இறங்கிப்போய்ப் படம் எடுக்காதீர்கள். முறிகண்டியில் வாங்கின கச்சான் மிச்சம் இருந்தால் நீங்களே சாப்பிடுங்கள். யானைக்கு எறிந்தால் அது வீதியோரம் கைநீட்டப் பழகும், நாளைக்கு வரும் மோட்டார் சைக்கிள்காரன்தான் அதற்கு விலை கொடுப்பான்.

இப்போதும் காவலுக்குப் போகிறீர்களா?

போகாமல்? கதிர் பால்கட்டத் தொடங்கிவிட்டது. இன்றிரவு அண்ணையின் முறை, நாளை என்னுடையது. பேச்சுப்போட்டிப் பிள்ளைகள் வருவதானால் நாளை பின்னேரம் ஐந்து மணிக்கு முன் வாருங்கள். வரும்போது கடையில் இரண்டு பெட்டி நெருப்புக்குச்சியும் வாங்கி வாருங்கள், காசு தருகிறேன்.